பாதி வரை கேட்ட பாட்டு

அபுதாபி முசஃபாவில், கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடையில் எனக்கு வேலை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் ஒயரின் நிறத்தைப் பார்த்தால் போதும், எது எங்கே போகும் என்று கை சொல்லிவிடும்.

அந்த வருஷம் ஒரு ஸ்பானிஷ் பாட்டு வந்தது. முதலில் அதைப் பிலிப்பைன்ஸ் பாட்டு என்று நினைத்திருந்தேன். டாக்ஸியில், மாலில், சலூனில், எங்கே போனாலும் அதுதான். வண்டியைக் கொண்டு வருகிற அரபிப் பையன்கள், எகிப்துக்காரர்கள், மலையாளிகள், எல்லோரும் அதைப் போட்டுத்தான் ஸ்பீக்கரைச் சோதிக்கச் சொல்வார்கள். அதன் பேஸ் நெஞ்சில் இடிப்பதைக் கேட்டுவிட்டு, இருப்பதிலேயே பெரிய பெட்டியாகக் கேட்பார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. "அவன் பாடுறான் பாய், நாம ரொட்டி திங்கிறோம்" என்று என்னோடு வேலை செய்யும் பாகிஸ்தானி இந்தியில் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு அப்போது ஒரே கவலை என் மகள்தான். பதினோராவது படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் போய் வருகிற எனக்கு அவளிடம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து போனில் பேசுவேன்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"படிக்கிறியா?"

"ம். அம்மாட்ட தர்றேன் அத்தா."

அவ்வளவுதான். இப்படியே போனால் என் பிள்ளைக்கு நான் பணம் அனுப்புகிற ஆளாக மட்டும் ஆகிவிடுவேனோ என்று பயந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவள் பேசும்போது பின்னால் அந்தப் பாட்டு ஓடியது. கிடார் முடிகிற இடம். என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்: "இரு, இப்ப பேஸ் தடதடன்னு இறங்கும் பாரு."

இறங்கியது.

"அத்தா, இந்தப் பாட்டு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடையில நாள் பூரா இதுதான ஓடுது."

"அப்ப கடைசியில எல்லாம் நின்னுபோயி அவரு மட்டும் மெதுவாப் பாடுவாரே, அந்த எடம் எப்படி இருக்கும்!"

எனக்கு அந்த இடம் தெரியாது. கடையில் வலது ஸ்பீக்கர், இடது ஸ்பீக்கர், பின்னால், பேஸ் என்று பார்த்து முடிப்பதற்குள் பாட்டு பாதி வந்திருக்கும். 'கலாஸ்' என்று அணைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவோம். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பிள்ளையிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"நான் பாதிக்கு மேல கேட்டதில்லம்மா."

"என்னது? தெனம் கேக்குறீங்க, முழுசாக் கேட்டதில்லையா?" விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் என்னிடம் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! "இருங்க, வச்சிராதீங்க."

போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து, பாட்டை முதலிலிருந்து போட்டாள். நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். அவள் சொன்ன இடம் வந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. யாரையோ போகாதே என்று கெஞ்சுவதுபோல் இருந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எப்படி அத்தா?"

நல்லா இருக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரிந்ததைச் சொன்னேன். "பேஸ் வர்றப்ப கரகரங்குதேம்மா. நான் குடுத்துவிட்ட ஸ்பீக்கர்தான? உள்ள கிழிஞ்சிருக்கும்போல."

குரலை ரொம்பத் தாழ்த்திச் சொன்னாள்: "மாடியிலேர்ந்து கீழ போட்டுட்டேன் அத்தா. அம்மாட்ட சொல்லிராதீங்க, கொன்னுரும்."

"சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதற்குள் அவள் அம்மா போனை வாங்கிவிட்டாள். "என்ன, அத்தாவும் மகளும் அரை மணி நேரமா குசுகுசுங்குறீக?"

"சும்மாதான்," என்றேன். "பாட்டு கேட்டோம்."