வெள்ளை மாளிகைத் தட்டம்

அக்கா வீட்டில் ஒரு தட்டம் இருந்தது. லண்டன் சவுத்தாலில் ஒரு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தட்டம். நடுவில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் படம். யாரோ சூடான சட்டியை அதன்மேல் வைத்ததில் வலது பக்கத் தூண்கள் கரைந்து, மாளிகை எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே நிற்கும். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், ஹவுன்ஸ்லோவிலுள்ள அந்த வீட்டின் முன்னறையில், நானும் அத்தானும் அமெரிக்க அரசியலைப் பிய்த்துப் பிடுங்கிக்கொண்டிருப்போம். அக்கா அந்தத் தட்டத்தில் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். எப்போதும் இரண்டு கோப்பைதான். வைத்துவிட்டுக் கதவு நிலையில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்று கேட்பாள். பிறகு குசினிக்குள் போய்விடுவாள். எத்தனையோ வருடமாக அந்தத் தட்டத்தைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது கோப்பை ஏன் இல்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிப்பது என் வேலை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்து, சவர்க்காரப் பெட்டியையும் சந்தேகி, குழந்தையின் பால்போத்தலையும் சந்தேகி என்று பழக்கப்பட்ட கண் எனக்கு. ஷிப்ட் முடிந்தாலும் அந்தக் கண் மூடாது. பக்கத்து வீட்டுக்காரன் வழக்கத்தைவிடப் பெரிதாகச் சிரித்தால், என்னத்துக்குச் சிரிக்கிறான் என்று இரண்டு நாள் யோசிப்பேன். அத்தான் எனக்கு நேர் எதிர். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். தமிழ் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்துகொடுப்பார். நான் தொண்டை கிழியக் கத்தி ஒரு ஜனாதிபதியைத் தூக்கி நிறுத்தினாலும், இன்னொருவரைக் குழிதோண்டிப் புதைத்தாலும், அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "அப்பிடியும் இருக்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்கும் அமெரிக்காவுக்கும் என்ன கொள்வினை கொடுப்பினை என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் அரசியலைக் கதைத்தால் குடும்பம் இரண்டாகும். இந்த நாட்டு அரசியல், கவுன்சில் குப்பை எடுக்க வராத கதையில் போய் முடியும். அமெரிக்கா என்றால் எல்லோருக்கும் ஒரே தூரம், வாய்கிழியப் பேசலாம். அப்படித்தான் 'வாஷிங்டன் வாசல்' என்ற இணையக் குழுவில் நான் சேர்ந்தேன். டொரொன்டோ, பாரிஸ், ஒஸ்லோ, லண்டன் என்று எங்கும் சிதறிய எங்கள் ஆட்கள். பதவி முடிந்து போன ஜனாதிபதிகளில் எவர் நல்லவர், எவருடைய பெயர் நிலைக்கும் என்று தினமும் சண்டை. புதிதாக யாராவது வந்தால், எந்த ஊர், ஆரின்ரை பிள்ளை என்று கேட்டு, இரண்டு பேர் பொறுப்புச் சொன்ன பிறகுதான் உள்ளே விடுவோம். இயக்கத்துக்கும் இராணுவத்துக்கும் நடுவில் வளர்ந்தவர்கள் நாங்கள். முகம் தெரியாதவன் கேள்வி கேட்டாலே, ஆருக்குச் சொல்லப் போகிறான் என்ற பயம்தான் எங்களுக்கு முதலில் வரும்.

அந்தக் கட்டுப்பாடு வருவதற்கு முன்பே 'பார்வையாளர்' என்ற பெயரில் ஒருவர் குழுவில் இருந்தார். ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. நான் வெறுத்த ஒரு பழைய ஜனாதிபதியைப் பற்றி நான் நீட்டி முழக்கி எழுதினால், பார்வையாளர் நாலு வரியில் வந்து காலை வாரிவிடுவார். ஒருமுறை இப்படி எழுதினார்: "ஒரு மனிசனைப் பதவிக் கதிரையில இருக்கேக்க நிறுக்காதேங்கோ. போன பிறகு பாருங்கோ." குழுவே கைதட்டியது. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வாதத்தில் தோற்றவன் என்ன செய்வான்? நான் சோதனைக்காரனானேன். பார்வையாளர் எழுதியதையெல்லாம் பின்னோக்கிப் படித்தேன். ஒன்று உறைத்தது. அவர் ஞாயிறு பின்னேரம் மட்டும் எழுதுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு முன்னறையில் நான் சொன்னதற்கு, திங்கட்கிழமை குழுவில் மறுப்பு வந்தது. நான் குழுவில் எழுதாமல் வாயால் மட்டும் சொன்னவற்றுக்கும் வந்தது.

என் எதிரே அமர்ந்து ஒன்றும் தெரியாத மாதிரித் தேத்தண்ணி குடிக்கிற மனிதரை அன்றிலிருந்து வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். அவர் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தால் சந்தேகம். நிமிர்த்தி வைத்தால், வேண்டுமென்றே நிமிர்த்தி வைக்கிறார் என்று சந்தேகம். கடைசியில் ஒரு பொறி வைத்தேன். அந்தப் பழைய ஜனாதிபதி, பதவி முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, தான் விட்ட பிழைகளையெல்லாம் ஒரு பச்சைக் கொப்பியில் எழுதிவந்தாராம் என்று ஒரு பச்சைப் பொய்யை அத்தானிடம் மட்டும் சொன்னேன். வேறு ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. "அப்பிடியோ?" என்றார் அத்தான். அக்கா வெறும் கோப்பைகளைத் தட்டத்தில் எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் பார்வையாளர் எழுதினார்: "தன்ரை பிழையைத் தானே கொப்பியில எழுதி வைச்ச மனிசனை நீங்கள் ஆர் தீர்ப்புச் சொல்ல?"

பிடிபட்டார் என்று எனக்குள் ஒரு துள்ளல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு நேரே கேட்டேன். "அத்தான், பார்வையாளர் நீங்கள்தானே?" அவர் என்னைப் பார்த்தார், பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். "நான்தான் எண்டு வைச்சுக்கொள்ளன், தம்பி" என்றார். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அந்த நிதானம் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. வீட்டுக்குப் போய்க் குழுவில் எழுதினேன். பார்வையாளர் என்பவர் என் அத்தான்தான் என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். ஜெர்மனியில் இருந்த காலத்தில் அவர் எங்கள் ஆட்களைப் பற்றி யாருக்கோ தகவல் கொடுத்தவராக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம் என்றும் சேர்த்தேன். எங்கள் ஆட்களிடையே ஒருவரைச் சாய்க்க அந்த ஒரு வரி போதும்.

போதுமாகத்தான் இருந்தது. கோயிலில் ஆட்கள் அத்தானைக் கண்டால் செருப்புத் தேடுவதுபோலக் குனிந்தார்களாம். வயரிங் வேலைக்குக் கூப்பிட்ட வீடுகள், இப்போது அவசரமில்லை என்று சொல்லிவிட்டன. தமிழ் வீடுகளை விட்டு அவர் ஒரு கட்டடக் கம்பெனியில் கூலிக்குப் போனார் என்று வேறு ஆட்கள் மூலம்தான் கேள்விப்பட்டேன். பார்வையாளரும் அன்றோடு வாயடைத்துப் போனார். பார்த்தீர்களா, குற்றமுள்ளவர் ஒளிந்துவிட்டார் என்று நான் பெருமைப்பட்டேன். நான் குற்றம் சாட்டவில்லை, சந்தேகம் என்றுதானே எழுதினேன் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நாலு வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்கா தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிப்பாள். அத்தானைப் பற்றி ஒரு சொல் வராது. பிறகு ஒருநாள் வேலை செய்த இடத்திலேயே அத்தானுக்கு நெஞ்சடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர முதல் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் ஆட்கள் குறைவு. முப்பத்தோராம் நாள் சடங்கில் இன்னும் குறைவு. மத்தியானச் சாப்பாடு முடிய, அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் சொல்லிக்கொண்டு புறப்பட்டேன். ரயிலில் ஏறி இருந்து, பழக்கதோஷத்தில் தொலைபேசியைத் திறந்தேன். வாஷிங்டன் வாசலில் நாலு வருடத்துக்குப் பிறகு பார்வையாளர் எழுதியிருந்தார்.

"ஒரு மனிசனைப் போன பிறகு பாருங்கோ எண்டு முந்தி எழுதினன். இப்ப போயிட்டார். பாருங்கோ."

அப்போதும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள்: அத்தானின் தொலைபேசியை யார் எடுத்திருப்பார்கள் என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகுதான் அந்த முன்னறையும், கதவு நிலையில் சாய்ந்து நின்ற உருவமும் கண்ணுக்குள் வந்தன. ஊரில் ஏஎல் சோதனைக்கு வரலாறும் அரசியலும் படித்து, கம்பஸில் படிக்க இடம் கிடைத்தும் யுத்தத்தால் போக முடியாமல் போனவள் என் அக்கா. அது எனக்குத் தெரியாததல்ல. அடுத்த ஸ்டேசனில் இறங்கித் திரும்பினேன்.

கதவைத் திறந்தவள் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. "இரு, தேத்தண்ணி போடுறன்" என்றாள். அதே தட்டம், அதே சரிந்த மாளிகை, அதே இரண்டு கோப்பை. ஒன்றை என் முன் வைத்தாள். மற்றதை எடுத்துக்கொண்டு அத்தானின் கதிரையில் அமர்ந்தாள். அந்த அறையில் அவள் அமர்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"அத்தானுக்குத் தெரியுமோ அக்கா?"

"அவர்தானே எனக்கு அந்தப் பேரில கணக்குத் திறந்து தந்தவர். 'என்னைவிட வடிவா நீ கதைக்கிறாய், நிண்டு கேக்கிறதை விட்டிட்டு எழுது' எண்டு சொன்னவர்."

"பின்னை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அவர் விடேல்லை. 'உவன் என்னைச் சந்தேகிச்சா எனக்கு ஒரு மச்சான்தான் இல்லாமல் போவான். உன்னைச் சந்தேகிச்சா உனக்குத் தம்பியே இல்லாமல் போயிடும்' எண்டார்." தேத்தண்ணியை ஊதினாள், அத்தான் ஊதுவதைப்போலவே. "அந்தப் பச்சைக் கொப்பி... அது பொய்தானே?"

"ஓம் அக்கா."

"நான் நம்பிப் போட்டன். என்ரை தம்பி சொன்னான் எண்டு."

நான் அழுதேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. அழுது முடியும்வரை இருந்துவிட்டு, "எழுது. இஞ்ச இருந்தே எழுது. நான் வாசிச்சாப் பிறகு போடு" என்றாள். தொலைபேசியில் எழுதினேன். பார்வையாளர் என் அத்தான் அல்ல என்றும், அவரைத் தவறாகச் சந்தேகித்துவிட்டேன் என்றும், மன்னிக்கும்படியும் எழுதி அவளிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள்.

"ஜெர்மனிக் கதையை உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப அந்தக் கதையில உனக்குச் சந்தேகமே இருக்கேல்லை." தொலைபேசியை என்னிடமே திருப்பித் தந்தாள். "சந்தேகிச்சன் எண்டதை வெட்டு. பொய் சொன்னன் எண்டு போடு."

வெட்டினேன். அவள் சொன்னபடியே போட்டேன். தட்டத்தில் என் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.