பாறைப் புல்லில் நான் மாத்திக் கட்டின சீட்டு

ஐம்பதுகளோட கடைசியில, பொகவந்தலாவைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போன ரெண்டாவது வருஷம் நடந்தது இது. தோட்டத்து ஆளுங்க குடியிருக்கற வரிசை வீட்டுக்கு லயம்னு பேரு, அதுல ஒவ்வொரு அறையும் ஒரு காம்பரா. எங்களுக்கு அடுத்த காம்பரா என் ஓரகத்தியோடது. என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். வாய் நெறைய அக்கான்னுதான் கூப்பிடுவேன். மனசுக்குள்ள வெறும் 'அவ'தான். இங்கேயும் அப்படியே சொல்லிட்டுப் போறேன், ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு.

எனக்கு அவ மேல பொறாமை. கொஞ்சநஞ்சம் இல்ல, வயித்தெரிச்சல். நான் ஹட்டன்ல ஆறாவது வரைக்கும் படிச்சவ. இங்கிலீஷ் எழுத்தை முத்து முத்தா எழுதுவேன். அதனாலதான் கொழுந்தெடுக்க அனுப்பாம பிள்ளைக்காம்பராவுல போட்டாங்க. தாய்மாருங்க மலைக்குப் போனதும் கைக்குழந்தைகளைப் பாத்துக்கற வேலை. அவ கைநாட்டு. ஆனா மாமியாருக்கு அவதான் உசத்தி.

எல்லாம் எங்க மாட்டால வந்த வினை. தேயிலைக்கு நடுவுல புல்லு முளைக்க விடமாட்டாங்க. மாட்டுக்குப் புல்லு வேணும்னா பாறைக்குத்தான் போகணும். அவ வேலை விட்டு வந்ததும் இடுப்புல சாக்கைக் கட்டிக்கிட்டுப் போயி ஒரு கட்டு அறுத்துட்டு வருவா. மாடு அதைத் தின்னுட்டுச் செம்பு வழியப் பால் கறக்கும். நானும் ஒருநாள் போட்டிக்குப் போயி அறுத்துட்டு வந்து போட்டேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. "மாட்டுக்குக்கூட ஆளு தெரியுது"ன்னாங்க மாமியார். பீலிக்கரையில தண்ணி புடிக்கப் போன இடத்துல எல்லாம் இதே சிரிப்பு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த நேரத்துலதான் புல்லு ஆராய்ச்சி பண்ற ஒரு சிங்கள ஐயா ஜீப்புல வந்து இறங்கினாரு. சிங்களத்துல ஐயாவுக்கு மாத்தயா, நாங்களும் அப்படித்தான் சொல்வோம். கினிகத்தேனையில தமிழ் ஆளுங்களோட வளந்தவராம், தமிழ் நல்லாவே பேசினாரு. பாறையில மட்டும் முளைக்கிற புல்லைத் தேடி, அது என்ன சாதி, என்ன பேருன்னு பிரிச்சு எழுதறது அவரு வேலை. வேர் மண்ணோட பிடுங்கி, பழைய பேப்பருக்கு நடுவுல வச்சுப் பலகையால அமுக்கிக் காய வைப்பாரு. ஒவ்வொண்ணுக்கும் எங்க கிடைச்சது, ஈரப்பாறையா காஞ்ச பாறையா, இலை எப்படின்னு ஒரு சீட்டு. புல்லு இருக்கற இடம் காட்ட அவளையும், சீட்டு எழுத என்னையும் தோட்டத்துத் துரை அனுப்பி வச்சாரு. என் நேரத்தைப் பாருங்க!

முதல் நாளே எனக்கு எரிய ஆரம்பிச்சிருச்சு. பாறையில ரெண்டு புல்லு பக்கம் பக்கமா நின்னுச்சு. அதே பச்சை, அதே உயரம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். மாத்தயா பூதக்கண்ணாடியை எடுக்கறதுக்குள்ள, அவ இலை தண்டை விட்டுப் பிரியற இடத்தைக் கட்டைவிரலால மடக்கிக் காட்டினா.

"இதுல பாருங்க, உள்ளுக்குள்ள மெல்லிசா தோலு. அதுல தோலு இல்ல, முடி வரிசை. முடி இருக்கறத மாடு தொடாது. அது பாசி மேல சும்மா குந்தியிருக்கும், இழுத்தா பாசியோட வந்துரும். தோலு இருக்கறது வேரைப் பாறை வெடிப்புக்குள்ள விட்டிருக்கும். லேசுல வராது."

மாத்தயா கண்ணாடியைக் கையில வச்சுக்கிட்டே அவளைப் பாத்துக்கிட்டு நின்னாரு. "புல்லைப் பிரிக்க இந்த இடத்தைத்தான் பாக்கணும்னு நாங்க புஸ்தகம் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்"னாரு. எனக்கு இன்னிக்கும் நெஞ்சுல தைச்சுக்கிட்டு இருக்கு அந்தப் பேச்சு. நான் முத்து முத்தா எழுதின சீட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

நாலாம் நாள் இன்னொண்ணு சொன்னாரு. அடுத்த ரெண்டு வாரம் மத்த தோட்டத்துப் பாறைக்கெல்லாம் போறாராம், கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகத் துரைகிட்ட கேட்டிருக்காராம். ஜீப்புல முன் சீட்டு! லயத்துச் சனம் முழுக்க வாசல்ல நின்னு பாக்கும். எழுதப் படிக்கத் தெரிஞ்சவ நான்தானேன்னு ஒரு அடி முன்னால வந்து நின்னேன். அவரு அவளைக் காட்டினாரு. "எழுத்து நானே எழுதிக்குவேன். எனக்கு இந்தக் கண்ணுதான் வேணும்."

அன்னன்னிக்குச் சேக்கற புல்லுக்கட்டெல்லாம் பிள்ளைக்காம்பராவுலதான் வைப்பாங்க. சாயங்காலம் தாய்மாருங்க பிள்ளைகளைத் தூக்கிட்டுப் போனப்புறம், நான் அந்த ரெண்டு சாதிப் புல்லோட கட்டையும் எடுத்தேன். அவ செஞ்ச மாதிரியே இலையை மடக்கி மடக்கிப் பாத்தேன். இது தோலு, இது முடி. தப்பில்லாம பண்ணணும்ல! நல்லாத் தெரிஞ்சுக்கிட்டு, ரெண்டு சீட்டையும் அவுத்து மாத்திக் கட்டினேன்.

மறுநாள் காலையில மாத்தயா கட்டைப் பிரிச்சாரு. முடிப் புல்லுல தோலுன்னு சீட்டு, தோலுப் புல்லுல முடின்னு சீட்டு. முகம் மாறிருச்சு. "இதை அந்தம்மா சொல்லித்தானே எழுதினே?"ன்னு என்கிட்ட கேட்டாரு.

"அவங்க சொன்னதத்தான் எழுதினேன் ஐயா."

அவ பக்கத்துலதான் நின்னா. "நான் சரியாத்தானே குடுத்தேன்"னா, ஒரே ஒரு தடவை. சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? மாத்தயா பெருமூச்சு விட்டாரு. குத்துமதிப்பாச் சொல்றதை வச்சு ஆராய்ச்சி பண்ண முடியாதுன்னாரு. அவ கட்டைப் பாத்தா, அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தா. சாக்கை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுப் போயிட்டா. ஜீப்பு எனக்குன்னு ஆச்சு.

கிளம்பறதுக்கு முந்தி, மேல் பாறையில பூத்திருக்கற புல்லுல ரெண்டு தாளு வேணும்னாரு மாத்தயா. நான் துள்ளிக்கிட்டு ஏறினேன். விடிகாலை தூறல் போட்டிருந்துச்சு. பாதிப் பாறையில கால் வழுக்குச்சு. கைக்கு வந்த புல்லைப் புடிச்சேன், அது பாசியோட பேந்து கையோட வந்துருச்சு. சறுக்கிப் போயி ஒரு விளிம்புல கால் பெருவிரல் மட்டும் தட்டி நின்னேன். கீழ ரெண்டாள் உசரத்துக்கு வெறும் கல்லு. மாத்தயா அந்தப் பக்கம் நின்னு என்னவோ கத்தறாரு, ஓடி வர வழியில்ல. என் மூஞ்சிக்கு நேரா ரெண்டு தூரு புல்லு. அதே பச்சை, அதே உயரம்.

அப்பத்தான் கீழ ஓடைப் பக்கத்துல இருந்து அந்தக் குரல் கேட்டுச்சு.

"புள்ள! ஆடாத! முடி இருக்கறதத் தொட்டுடாத! மடக்கிப் பாரு, தோலு இருக்கறதப் புடி!"

அவ மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டிருந்திருக்கா. நான் கட்டைவிரலால ஒரு இலையை மடக்கினேன். முடி வரிசை. ஐயோ, முருகா! அடுத்ததை மடக்கினேன். மெல்லிசா தோலு. தப்புப் பண்றதுக்காக நேத்துக் கத்துக்கிட்ட பாடம்தான். அதைக் கொத்தாப் புடிச்சுத் தொங்கினேன். உள்ளங்கை கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு, புல்லு அசையல.

அவ பக்கவாட்டுல ஏறி, புல்லுக்கட்டுக் கட்டற கயித்தை மேல ஒரு மரத்துல சுத்தி என்கிட்ட வீசினா. எப்படி மேல வந்தேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. உக்காந்து அழுதது மட்டும் ஞாபகம் இருக்கு. மாத்தயா சுத்துவழியா மூச்சு வாங்க ஓடி வந்தாரு. அவரு வாயைத் திறக்கறதுக்கு முந்தி நானே சொல்லிட்டேன். "ஐயா, சீட்டை மாத்தினது நான். பொறாமையில பண்ணிட்டேன்."

சொல்லிட்டு அக்கா பக்கம் திரும்பினேன். அவங்க மூஞ்சியில ஆச்சரியமே இல்ல.

"உங்களுக்குத் தெரியுமா?"

"உன் மூஞ்சியிலதான் எழுதியிருந்துச்சே. அதப் படிக்கப் பள்ளிக்கூடமா போகணும்?"

"தெரிஞ்சுமா அக்கா கத்துனீங்க?"

"பின்ன? விழுந்து தொலையட்டும்னு வேடிக்கை பாக்கவா? எந்திரி, ஒன் கையக் கழுவு மொதல்ல."

ஜீப்புல அக்காதான் போனாங்க. நான் வாசல்ல நின்னு பாத்தேன். உண்மையைச் சொல்லணும்னா, உசுரைக் காப்பாத்தினவங்க மேலயும் எனக்கு அப்பப் பொறாமையாத்தான் இருந்துச்சு. அந்த ரெண்டு வாரமும் மாட்டுக்குப் புல்லு அறுத்தது நான். ஒவ்வொண்ணையும் மடக்கிப் பாத்து அறுத்தேன். மாடு மறுபேச்சில்லாமத் தின்னுச்சு. மாமியார் பால் செம்பை வாங்கிக்கிட்டு உள்ள போனாங்க.

மாத்தயா போறதுக்கு முந்தி எனக்கு ஒரே ஒரு தண்டனை குடுத்தாரு. எல்லாச் சீட்டையும் திரும்ப எழுதச் சொன்னாரு. 'சேகரித்தவர்'ங்கற இடத்துல, இங்கிலீஷ்ல, அக்கா பேரை. நாப்பது சீட்டுக்கு மேல இருக்கும். முதல் பத்து எழுதறப்ப வயிறு எரிஞ்சுச்சு. அப்புறம் எழுத்தை அழகா எழுதணும்ங்கற நெனப்பு மட்டும்தான் இருந்துச்சு. ஒண்ணை எடுத்து அக்காகிட்ட குடுத்தேன். ரொம்ப நேரம் உத்துப் பாத்தாங்க, தலைகீழாப் புடிச்சுக்கிட்டு. நான் சிரிக்கல. வாங்கி, நேராப் புடிக்க வச்சு, அவங்க விரலை எடுத்து எழுத்து மேல ஒண்ணொண்ணா வச்சுக் காட்டினேன்.

அக்கா போய்ச் சேந்து பல வருஷம் ஆச்சு. அந்தக் காஞ்ச புல்லெல்லாம் ஏதோ ஒரு அலமாரியில இன்னும் இருக்கும்னு நம்பறேன். நான் பெருமைப்பட்டுக்கிட்ட அந்தக் கையெழுத்து என் பேருக்கு எங்கேயும் உதவல, ஆனா அவங்க பேரு இந்த உலகத்துல எழுத்தா இருக்கற ஒரே இடம் அதுதான்னு நெனைக்கறப்ப, உள்ளங்கையில இருக்கற அந்தப் பழைய தழும்பைத் தடவிப் பாத்துக்கறேன்.