மினாமோவின் கையசைவு

நாகோயா நகரப் பேருந்துப் பணிமனையில் எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி என்று பிரித்துக் கொடுப்பது நிவா தெத்சுவோவின் வேலை. எப்படிப் பிரித்தாலும் திட்டு அவருக்குத்தான். வயது நாற்பத்தாறு, கல்யாணம் கூடிவரவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். தலை முதல் கால்வரை இறுக்கிப் பிடிக்கும் தோல்நிறத் துணிக்குள் புகுந்து, மேலே பாவாடை சட்டை போட்டு, பெரிய கண்ணும் துளியூண்டு வாயும் வைத்த பொம்மைப் பெண்ணின் தலையை மாட்டிக்கொள்வார். உள்ளே தன் மூச்சு மட்டும்தான் கேட்கும். உடம்பு முழுவதையும் யாரோ கட்டிக்கொண்ட மாதிரி ஒரு சுகம். அதில் காமம் இல்லை என்று சொன்னால் பொய். உண்டு என்று சொல்ல அவருக்கு வாய் கூசும். இதனால் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்? குடித்துவிட்டு ரயிலில் வாந்தி எடுக்கிறவனை இந்த ஊர் ஒன்றும் கேட்பதில்லை.

ஓசு கடைவீதியில் ஒரு மாடியில் இப்படிப் பொம்மை வேஷம் போடுகிறவர்களின் சங்கம் கூடும். தலையை மாட்டிவிட்டால் பேசக்கூடாது, எல்லாம் கைஜாடைதான். சொந்தப் பேரை யாரும் கேட்கக்கூடாது. தெருவில் இறங்கினால் ஒவ்வொரு பொம்மைக்கும் சாதாரண உடையில் ஒரு துணையாள் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வெளியாட்கள் முன்னால் பொம்மையின் தலையைக் கழற்றவே கூடாது. உயிர் போனாலும் கூடாது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

நீலக் கூந்தல் வைத்த மினாமோ என்ற பொம்மைக்குள் இருந்தவர் கானோ. ஒரு வங்கிக் கிளையில் துணை மேலாளர், இரண்டு பையன்களுக்கு அப்பா. வேஷம் கலைத்ததும் நிவாவும் அவரும் சேர்ந்து போய்ப் பட்டை நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். அதனால் பேர், ஊர், வீடு எல்லாம் நிவாவுக்கு மட்டும் தெரியும். “பேங்க்ல எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துப் பாத்துதான் பேசுறாங்க. இங்க வந்தாத்தான் என் மூஞ்சிக்கு லீவு” என்பார் கானோ.

ஆகஸ்டில் வேஷக்காரர்கள் திருவிழா. வெயில் மண்டையைப் பிளந்தது. அன்றைக்கு மினாமோவுக்குத் துணையாள் நிவா. வெளிநாட்டுக் கூட்டம் செல்போனும் கையுமாகச் சுற்றி நின்றது. திடீரென்று மினாமோ இரண்டு உள்ளங்கையையும் கழுத்தில் வைத்தது. பிறகு கைகளை மேலே தூக்கி விரல்களை விசிறியது, இப்படியும் அப்படியும் ஆடியது, மெல்ல மண்டிபோட்டுக் குனிந்தது. அடடா என்ன அழகு என்று கூட்டம் கைதட்டியது. அது ஆட்டமில்லை, மூச்சு முட்டுகிறது என்று நிவாவுக்கு மட்டும் புரிந்தது. கை நேராக அந்தத் தலைக்குத்தான் போனது. ஆனால் எதிரே அத்தனை கேமரா. கை நின்றுவிட்டது. இடுப்பைப் பிடித்துத் தூக்கி, கூட்டத்தை விலக்கி, படியேற்றி, மாடிக் கதவைச் சாத்திய பிறகுதான் கழற்றினார். கானோவுக்கு அதற்குள் கண் செருகியிருந்தது. ஆம்புலன்ஸில் நிவாதான் கூடப் போனார். பொழுது சாய்வதற்குள் கானோ போய்ச் சேர்ந்துவிட்டார்.

கானோவின் மனைவி சயோகோ ஆஸ்பத்திரி வராந்தாவில் அழாமல் நின்றாள். “ரயில்வே ஸ்டேஷன்ல மயங்கி விழுந்துட்டார்னு சொல்லப் போறேன். அந்த வேஷத்தப் பத்தி ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதீங்க. என் பசங்க தலை நிமிந்து நடக்கணும்.” நிவா குனிந்து வாக்குக் கொடுத்தார். சங்கத்தில் கேட்டவர்களிடம், உடம்பு தேறிவிட்டது, வேலை மாற்றலாகி வேறு ஊர் போய்விட்டார் என்றார். பாவி மனிதர், வேறென்ன சொல்வார்?

அந்தக் கையசைவை யாரோ படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். செக் நாட்டு பிர்னோவிலும் இப்படி ஒரு பொம்மைமுகக் கூட்டம் உண்டு. கேலி செய்திருந்தால்கூட நிவா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். அவர்கள் காட்டியது பாசம். கழுத்தில் கை, மேலே கை, விரல் விசிறல், மண்டி என்று அப்படியே பாட்டு சேர்த்து ‘மினாமோ நடனம்’ ஆக்கிவிட்டார்கள். போலந்துக்காரர்கள் ஆடினார்கள், பிரேசில்காரர்கள் ஆடினார்கள். சங்கத் தலைவர் ஓகுராவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடாதீர்கள் என்று நிவா மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு பிர்னோவுக்கு எழுதினார். ஏன் என்று கேட்டார்கள். காரணத்தை எப்படி எழுதுவது? நன்றாக இல்லை என்று மட்டும் எழுதினார். உங்கள் ஜப்பானிய அடக்கம் எங்களுக்குத் தெரியும் என்று பதில் வந்தது, கூடவே வரிசையாக இதயப் படங்கள். தலையில் அடித்துக்கொண்டார்.

வாக்கிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று சயோகோ வீட்டுக்கே ஒருநாள் போனார். இவர் வாயைத் திறப்பதற்குள், பெரியவனுக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்றாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார். வைத்த இனிப்பைத் தின்றுவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

மறு ஆகஸ்டில் பிர்னோக்காரர்கள் நேரிலேயே வந்து இறங்கினார்கள். தண்ணீர் குடியுங்கள், நிழலில் நில்லுங்கள் என்று நிவா சொல்லிச் சொல்லி அவர்களுக்கே சலித்துப்போனது. வீதி நடுவில் மரியாதையாக அந்த நடனத்தைத் தொடங்கினார்கள். எல்லாப் பொம்மைகளும் மண்டிபோட்டு எழுந்தன. பச்சைக் கூந்தல் பொம்மை ஒன்று மட்டும் எழவில்லை. குனிந்தபடியே விரல்களை நடுக்கிக்கொண்டிருந்தது. ஆட்டமா, ஆபத்தா? நிவாவுக்குத் தெரியவில்லை. உற்றுப் பார்த்தார், அப்போதும் தெரியவில்லை. பாய்ந்து போய் அத்தனை பேர் முன்னாலும் அந்தத் தலையைப் பிடுங்கினார்.

உள்ளே லெங்கா என்ற பெண், வியர்வையில் ஒட்டிய முடியோடு விழித்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை, கடைசித் தாளத்துக்குக் காத்திருந்தாள், அவ்வளவுதான். சுற்றிலும் செல்போன்களைப் பார்த்ததும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பி அழ ஆரம்பித்தாள்.

மாடியில் ஓகுரா கொதித்தார். அந்தப் பெண் தன் ஊரில் வாத்தியார் வேலை பார்க்கிறவளாம், நாளைக்கு எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவாள் என்றார்.

“ஏய்யா இப்படிப் பண்ண? ஒரு காரணம் சொல்லு. ஒண்ணே ஒண்ணு சொல்லு, நான் அவங்ககிட்டப் பேசுறேன்.”

எல்லோரும் நிவாவின் வாயையே பார்த்தார்கள்.

“வெயில் ஜாஸ்தியா இருந்துச்சு” என்றார் நிவா.

“போயிரு. இனிமே இந்தப் படி ஏறாத.”

நிவா லெங்காவுக்கு எதிரே தலை தரையில் படும்படி குனிந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே இறங்கினால், வேறு ஏதோ ஊர்ப் பொம்மைகள் வரிசையாக நின்று கழுத்தில் கை வைத்துக்கொண்டிருந்தன. கூட்டம் ஏற்கெனவே கைதட்டத் தொடங்கியிருந்தது. அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். மண்டிபோட்ட ஒவ்வொன்றும் எழுந்திருக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் ரயிலுக்கு நடந்தார்.