டொக்டரிடம் அம்மா கேட்டது

அமெரிக்கன் ஃபுட்போலில், எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பதுதான் என் வேலை. ரொறன்ரோவில் ஆடத் தொடங்கிய முதல் வருடமே முழங்கால் போனது. பிறகு தோள்பட்டை, மீண்டும் அதே முழங்கால். ஒவ்வொரு முறையும் என்னைப் பராமரித்த அம்மா, “உந்த விளையாட்டை விடு, தம்பி” என்று கெஞ்சுவார். என் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

கடைசி ஸ்கானைப் பார்த்த தமிழ் டொக்டர், இனி ஆடவே கூடாது என்றார். அம்மா நிம்மதி அடைவார் என்று நினைத்தேன்.

“ஒரேயொரு மட்ச் எண்டாலும் விளையாட ஏலாதோ, டொக்டர்?” என்று உடைந்த குரலில் கேட்டார்.

காரில் ஏறியதும், “நீங்கள்தானே விடச் சொன்னனீங்கள்?” என்றேன்.

“ஓம். நீயா விடுவாய் எண்டு பார்த்தன். இப்பிடிப் பறிபோகும் எண்டு நினைக்கேல்லை.”

இந்த இழப்பு எனக்கு மட்டுமானது என்றே அந்த நிமிடம் வரை நினைத்திருந்தேன்.