என் லைனைத் திருடியவனைக் கர்த்தர் காட்டிக்கொடுத்தார்

சபையாரே, அந்த நாட்களில் என் உள்ளம் எரிந்துகொண்டிருந்தது. அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு மனமில்லை.

2007 மழைக்காலம். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி என்னை இன்டர்வியூவுக்கு அழைத்தது. இயந்திர வரைபடம் போடும் மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கிப் பழகி வரச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவன் நான். அதற்காகவே வீட்டு போனில் பிராட்பேண்ட் வாங்கினோம். ஆனால் பதிவிறக்கம் ஊர்ந்தது. முடியும் நேரத்தில் அறுந்துபோனது. மோடம் மாற்றினேன். வயர் மாற்றினேன். கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்து மறுபடி ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தனபாலுக்கு அது கொண்டாட்டம். பெரிய ஃபைல்களை அவன் கடையில் இறக்க விடமாட்டான். ஆள்கூட்டத்தில் வைத்துச் சிரித்தான்: "இன்னாடா, உங்க நைனா மூட்ட தூக்கினு இருக்காரு, உனுக்கு ஊட்ல நெட்டா? ஏன்டா இந்த பேஜாரு?"

முழங்காலில் நின்று கதறினேன். "ஆண்டவரே, எல்லார் முன்பும் அவனைத் தலைகுனிய வையும்."

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் உபவாச ஜெபம். ஜெபத்தின்போது போன் அடிக்கக் கூடாதென்று அம்மா ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார். எல்லோரும் மௌனமாகக் காத்திருந்தோம். அப்போது ரிசீவரிலிருந்து ஒரு குரல்.

"டேய், டயல் டோனே வர்ல. அந்தப் படிச்சவன் ஊட்டு லைனு செத்துப்போச்சா பாரு!"

தனபாலின் குரல்! போதகர் கண் திறந்தார். அம்மா ரிசீவரைப் பிடுங்கினார்.

"லைனு சாவல தனபாலு. நாங்க இங்க ஜெபத்துல இருக்கோம். நீ எங்க ஊட்டு போன்ல இன்னா பண்ற?"

மறுமுனையில் படாரென்று போனை வைத்தான்.

மறுநாள் நான் கொடுத்த கம்ப்ளைண்ட்டின்பேரில் லைன்மேன் கம்பத்தில் ஏறினார். எங்கள் வயரிலிருந்து அவன் கடைக்கு ஒரு திருட்டு வயர் போயிருந்தது. அதில் ஒரு போனை மாட்டி எங்கள் கணக்கில் பேசிக்கொண்டிருந்தான். பிராட்பேண்ட் லைனில் போன் மாட்டினால் இடையில் ஃபில்டர் வேண்டும். அவன் போனில் அது இல்லை. என் வேகத்தைத் தின்றது அந்த போன்தான். தெருவே நின்று பார்க்க வயரை அறுத்தார்கள். அன்று மாலையே மென்பொருள் முழுதாக இறங்கியது. வேலையும் கிடைத்தது.

தனபால் வாசலில் வந்து நின்றான். "தம்பி, கம்ப்ளைண்ட்ட வாபஸ் வாங்கிக்கோப்பா."

நான் வாங்கவில்லை. அவன் சென்டர் மூடப்பட்டது. அந்த வழியாகத்தான் தினமும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வேலைக்குப் போகிறேன்.

அன்பானவர்களே, உங்களைப் பார்த்துச் சிரிக்கிறவன் உண்டா? கை ஓங்காதீர்கள். அவன் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். கர்த்தர் செய்வதை உங்கள் கண்ணே காணும்.