நாலு கீமோ போதும்னு டாக்டர் சொன்னார்

என் பொழப்பே விரல் நுனியிலதான். சூரமங்கலத்துல ஒரு லேப்ல பத்தொன்பது வருஷமா ரத்தம் எடுக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத நரம்பும் என் ஆள்காட்டி விரலுக்குத் தெரியும். "அந்தக்கா குத்தினா வலிக்காது"ன்னு ஜனங்க எனக்காகவே காத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதுல எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பெருங்குடல்ல புத்துநோய்க் கட்டின்னு ஆபரேஷன் ஆச்சு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஆபரேஷன் பண்ண டாக்டர், "ஆறு மாசம், எட்டு கீமோ இருக்கும்"னு போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டார். வந்தது வினை. என் நாத்தனார் உடனே, எட்டும் நல்லபடியா முடிஞ்சா மாதா கோயில் கெபியில எட்டு வாரம் மெழுகுவத்தி ஏத்தறதா நேர்ந்துக்கிட்டா.

கீமோ டாக்டர் வேற ஆள். பயாப்ஸி ரிப்போர்ட்டை வரி வரியாப் படிச்சார். "உங்களுக்கு மூணு மாசம், நாலு கீமோ போதும்மா. எட்டு போட்டாலும் பெருசா ஒண்ணும் கூடக் கிடைக்காது. கை கால் மரத்துப்போறதுதான் கூடும், சிலருக்கு உணர்ச்சி திரும்பாமலே போயிடும். எல்லாருக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன், உங்க ரிப்போர்ட்டுக்குச் சொல்றேன்"னார்.

நாலாவது முடிஞ்ச அன்னைக்கு, "அவ்வளவுதான், முடிஞ்சது"ன்னு சந்தோஷமா வீட்டுக்குள்ள வந்தேன். ஒரு முகத்துலயும் ஈயாடலை. நம்ம ஊர்ல டாக்டர் போதும்னு சொன்னா ஒரே அர்த்தம்தான், கைவிட்டுட்டார்னு. மறுநாளே எருமப்பட்டியில இருந்து நாத்தனார் வந்து நின்னா. "ஏனுங்கண்ணி, டாக்டரு எதையாச்சும் மறைக்கறாருங்களா?" அவ பின்னாடியே சொந்தபந்தம் எல்லாம் ஆரஞ்சும் பிஸ்கட்டுமா வந்துச்சு, கடைசியா ஒரு தடவை பார்த்துட்டுப் போற முகத்தோட. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆரஞ்சை எடுத்தே அடிச்சிருப்பேன்.

"அட, நல்ல சேதிங்க இது!"ன்னு தொண்டை வத்தக் கத்தினேன். யார் கேக்கறா? ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை முன்னால வச்சுக்கிட்டு அழுதார். "எனக்காகப் போட்டுக்கோ. பாதியில விட்டுட்டோமேன்னு பின்னால நான் நெஞ்சுல அடிச்சுக்கக் கூடாது." இருபத்திநாலு வருஷத்துல அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. தோத்துட்டேன். எனக்கும் உள்ளுக்குள்ள பயம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை.

"நான் சொன்னது சொன்னதுதான். நீங்க கேக்கறதால போடறேன், மரமரப்பு வந்தா உடனே சொல்லணும்"னார் டாக்டர். அஞ்சாவது முடிஞ்சு, தண்ணிச் செம்பைத் தொட்டா விரல்ல ஊசி குத்துச்சு. போயிடும்னு வாயைத் திறக்காம இருந்தேன். புத்தி கெட்டவ நான். ஆறாவதுக்கப்புறம் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியலை. டாக்டரே நிறுத்திட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஸ்கேன் சுத்தமா இருக்கு. "பார்த்தீங்களாண்ணி, கூட ரெண்டு போட்டதுதான் காப்பாத்துச்சு"ங்கறா நாத்தனார். நாலோட நிறுத்தியிருந்தாலும் இப்படியேதான் இருந்திருப்பேன்னு நான் யார்கிட்டப் போய் நிரூபிக்கறது? விரல்ல உணர்ச்சிதான் திரும்பலை. லேப்ல இப்ப பேர் எழுதி லேபிள் ஒட்டறேன். வீட்டுல "கொஞ்சம் மரமரப்பு"ன்னு மட்டும் சொல்லி வச்சிருந்தேன்.

போன வாரம் வீட்டுக்காரர் சுகர் பார்க்க லேப்புக்கு வந்தார். கூட வேலை செய்யறவங்க ஊசியோட வந்தாங்க. "நீங்க இருங்க, எங்க வீட்டம்மா எடுக்கட்டும்"னு சட்டைக் கையை மடிச்சு என் முன்னாடி நீட்டிட்டார். சதைப்பிடிப்பான கை, நரம்பைத் தொட்டுத்தான் கண்டுபிடிக்கணும். ரப்பரைக் கட்டி விரலை வச்சேன். அழுத்தினேன். நகர்த்தி அழுத்தினேன். ஒண்ணுமே தெரியலை.

"என்னால முடியலைங்க"ன்னு ரப்பரை அவுத்தேன்.

என் விரலையே பார்த்தார். "இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதே"ன்னார்.

அத்தனை பேர் உக்காந்திருந்த இடத்துல, என்னால அடக்க முடியலை. "டாக்டர் சொன்னப்ப பக்கத்து நாற்காலியிலதானேங்க உக்காந்திருந்தீங்க!"