சித்ரே பாயி நாற்காலியில் ஒரு பல்லி

பிலிஸுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. கண்ணெதிரே எருமையைக் கறந்து பால் கொடுத்தாலும், இதில் தண்ணீர் எப்படி வந்திருக்கும் என்று பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பாள். பூனா பக்கத்திலிருக்கும் கட்கி ஸ்டேஷனுக்கு லோக்கல் ரயில் சரியான நேரத்தில் வந்துவிட்டால், "இது நேத்து வரவேண்டிய வண்டியா இருக்கும்" என்பாள். அப்படிப்பட்டவளே ஒரு தடவை ஏமாந்தாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம். சிஞ்ச்வட்டில், ஸ்கூட்டருக்கு பிரேக் கேபிள் செய்யும் கம்பெனியில் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை. தற்காலிகம்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நிரந்தரம் ஆக்குவார்கள். அதற்கு ஹெட் கிளார்க் நல்லபடியாக ரிப்போர்ட் எழுதவேண்டும். அப்பா இன்பநாதன் ரிட்டயராகிவிட்டார், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பிலிஸின் வேலை நிலைத்தால் கட்கியிலேயே வாடகைக்கு ஓர் அறை பார்க்கலாம். இல்லையென்றால் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு, அவள் கண்ணால்கூடப் பார்த்திராத திருநெல்வேலிக்குப் போகவேண்டியதுதான்.

அந்த ஹெட் கிளார்க்தான் சித்ரே பாயி. பாயி என்பது அங்கே பெண்களுக்கு மரியாதைக்குப் போடுவது. இவளுக்குப் போட்டது தண்டம். டைப்பில் ஓர் எழுத்து பிசகினால் தாளைத் தரையில் வீசி, குனிந்து எடுக்க வைப்பாள். கை நடுங்கும் கிழ பியூன் சகாராமைத் தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவ வைத்து, பிசுக்கு போகவில்லை என்று எல்லார் முன்னாலும் மறுபடி கழுவச் சொல்வாள். பிலிஸுக்குப் பேரே கிடையாது. "ஏ மதராஸி!" அவ்வளவுதான்.

அங்கே பிலிஸுக்கு இருந்த ஒரே ஆறுதல், பக்கத்து மேஜையில் ஸ்டோர்ஸ் கணக்கு பார்த்த தங்கராஜ். பூனாவில் வளர்ந்த தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸிலும் கடையிலும் எதிரே ஆளை வைத்துக்கொண்டே அவரைத் தமிழில் வறுத்தெடுப்பார்கள். தமிழ் அவர்களுக்குப் பூட்டு போட்ட பீரோ, யார் வந்து திறந்துவிடப் போகிறார்கள்!

"அண்ணே, பாயி பவுடர் அப்பியிருக்கிறதப் பாத்தீங்களா? மாவுல புரட்டின மீன் கணக்கா."

தங்கராஜுக்குப் புரையேறும். மூன்றடி தள்ளி சித்ரே பாயி தலை நிமிராமல் பாக்ரி ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிலிஸ் சொன்னாள்: "நாளைக்கு எங்க சித்தி மக ஈனிட்டுக்கு நிச்சயதார்த்தம் அண்ணே. காய்ச்சல்னு லீவு போட்டுரப் போறேன்." சாயங்காலமே பாயி மராத்தியில் அறிவித்தாள்: "நாளைக்கு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆபீசுக்கு வந்து படுத்துக்கலாம்." அடுத்த வாரம், மை செத்துப்போன தன் ரிப்பனைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, அதிலிருந்த நல்ல ரிப்பனை எடுத்துக்கொண்டதை பிலிஸ் தங்கராஜின் காதில் போட்டாள். மறுநாள் பாயி மேனேஜரைக் கூட்டிவந்து நேரே அந்த மெஷினைத்தான் திறந்தாள். "ரிப்போர்ட்ல இதையும் சேர்க்கிறேன்" என்று சிரித்தாள்.

பிலிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தாள். யார் சொன்னது? தங்கராஜைத் தவிர யாருக்குத் தெரியும்? பாயி அவனுக்கு மட்டும் கேட்டவுடன் லீவு கொடுக்கிறாளே, ஏன்? பாயி உள்ளே வரும்போதெல்லாம் அவன் இருமுகிறானே, அது என்ன இருமல்? யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அண்ணே, எதுக்கு என் சோத்துல மண்ணள்ளிப் போடுறீங்க?"

"ஏ புள்ள, என்ன பேச்சு பேசுத? ஏசப்பா சாட்சியா நான் ஒரு வார்த்த சொல்லல."

ஏசப்பாவை இழுத்ததும் அவளுக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது. அன்றிலிருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். தங்கராஜ் பாவம், இருமுவதற்கே பயந்தான்.

டிசம்பர் வந்தது. ஒரு மத்தியானம் அறையில் மூன்று பேர்தான். பாயி பேனாவைத் திறந்து, "மதராஸி, உன் ரிப்போர்ட்தான்" என்று காட்டிவிட்டு எழுத உட்கார்ந்தாள். பிலிஸ் ஒரே வரியை இரண்டு தடவை அடித்தாள். அப்போது பார்த்து, பாயியின் நாற்காலி முதுகில் ஒரு பல்லி, நல்ல கொழுத்த பல்லி, மெல்ல ஏறியது. சண்டையெல்லாம் பிலிஸுக்கு மறந்துபோயிற்று. கார்பன் பேப்பர் கேட்கிற குரலில் தங்கராஜிடம் முணுமுணுத்தாள்.

"அண்ணே, பாயி முதுகுகிட்ட பல்லி. வாயத் திறக்காதீங்க, ஏறட்டும்."

"ஐயய்யோ! எங்கடி? எங்கடி?"

நாற்காலி ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். சித்ரே பாயி முந்தானையை உதறிக்கொண்டு, பச்சைத் தமிழில் கத்திக்கொண்டே குதித்தாள். "தட்டி விடுங்களேன், சனியனுங்களா!"

பல்லி சுவரேறிப் போய்விட்டது. தங்கராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். "கேட்டுக்கிட்டியா புள்ள? என்னையில்லா சந்தேகப்பட்ட!"

பாயி நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பவுடரெல்லாம் வேர்வையில் கரைந்திருந்தது. "இங்க தாபோடியில இருந்த பரமசிவம் பொண்ணு நான். லீலா. இந்த மராத்திக்காரரக் கட்டிக்கிட்டதிலேருந்து, நான் தமிழ்னு இந்தப் பக்கத்துல யாருக்கும் தெரியாது. மதராஸின்னு தெரிஞ்சா என்னையும் இப்படித்தான பேசுவாங்க..." என்று இழுத்தாள்.

பிலிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை மாதம் தன்னை ஏலம் போட்ட வாய், வீட்டில் அம்மாவைத் தமிழில் கூப்பிட்ட வாய்! கத்தவேண்டும் போலிருந்தது. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. குரலை அடக்கிக்கொண்டாள்.

"லீலாக்கா, பொய்யா ஒண்ணும் புகழ வேண்டாம். என் வேலை எப்படியோ அப்படியே எழுதுங்க. இல்லன்னா நாளைக்கு கேன்டீன்ல, எல்லாரும் கேக்க, நாம தமிழ்லயே பேசுவோம்."

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே வேலை நிரந்தரமானது. கட்கி பஜாருக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. மன்னிப்புக் கேட்க பிலிஸ் கேக் கொண்டுபோனபோது தங்கராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மோந்தான். "என்ன கலந்திருக்க? நானும் சந்தேகப்படலாம்லா?" என்று கேட்டுவிட்டுத்தான் தின்றான்.

அடுத்த வருஷம் புதிதாக ஒரு டைப்பிஸ்ட் பெண் சேர்ந்தாள், மராத்திப் பெண்தான். முதல் வாரமே ஏதோ பிழை விட, சித்ரே பாயி பழைய ஞாபகத்தில் தாளைத் தரையில் வீசினாள். அந்தப் பெண் கண் கலங்கிக் குனியப் போனாள்.

பிலிஸ் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை. தலையையும் தூக்கவில்லை.

"லீலாக்கா, பல்லி."

சித்ரே பாயி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். பிலிஸைப் பார்த்தாள். பிறகு தானே குனிந்து அந்தத் தாளை எடுத்தாள்.